பெங்களூரில் புவி, கோள் அறிவியல் உரைகளுக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பாறை, கடல், பருவமழை, நிலா, செவ்வாய் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு விஞ்ஞானி எங்காவது பேசிக்கொண்டுதான் இருக்கிறார். பெரும்பாலான உரைகளுக்குக் கட்டணம் கிடையாது. வெளியாட்களும் வரலாம். இருந்தும், ஆசையாகக் கிளம்பிப் போகிற நம்மவர்கள் பலர் ஒரே உரையோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "ஒண்ணும் புரியலைங்க" என்பதுதான் பதில்.

நண்பர்களை இந்த உரைகளுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில், பாடம் கடினம் என்பதைவிட வரிசை தப்பிப்போனதுதான் பெரிய சிக்கல் என்று தெரிந்தது. தலைப்பில் செவ்வாய் என்று இருக்கும். அதைப் பார்த்ததும் நேரே அரங்குக்குப் போய்விடுவார்கள். எந்த வகை உரை, யாருக்காக, எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரியவரும். கீழே இருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள். இயற்பியலோ புவியியலோ படித்திருக்க வேண்டியதில்லை, பள்ளிக்கூட அறிவியல் போதும்.

1. தலைப்பைப் பார்க்கும் முன் உரையின் வகையைப் பாருங்கள்

அறிவிப்பில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் 'பொது உரை', 'கொலோக்கியம்', 'செமினார்', 'ஆய்வேட்டுப் பாதுகாப்பு' என்று ஏதாவது போட்டிருக்கும். உங்கள் மாலைப் பொழுது உருப்படுமா என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

பொது உரை என்றால் பேசுபவர் உங்களை மனதில் வைத்துத்தான் தயாரித்திருப்பார். சமன்பாடு குறைவு, படம் அதிகம். முதல் முறைக்கு இதைத் தவிர வேறெதற்கும் போக வேண்டாம்.

கொலோக்கியம் என்பது ஒரு துறையைச் சேர்ந்த எல்லோருக்குமான உரை. கடல் ஆராய்பவரும் பாறை ஆராய்பவரும் ஒரே அரங்கில் இருப்பதால் பேசுபவர் அடிப்படையிலிருந்து தொடங்கியாக வேண்டும். சில பொது உரைகளைக் கேட்ட பிறகு இதற்குப் போகலாம்.

ஒரே பிரிவில் ஆராய்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் துறை செமினார்தான் ஆளைக் கவிழ்ப்பது. செவ்வாயில் நீர் என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் 1.9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சப்படுவதால் வரைபடக் கோட்டில் விழும் ஒரு சின்னப் பள்ளத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் ஓடும். அந்தப் பள்ளம் நீர் ஏறிய கனிமத்தின் அடையாளம் என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதை விளக்க மாட்டார்கள். தவறு யாருடையதும் இல்லை, அந்த உரை உங்களுக்காகத் தயாரானது இல்லை, அவ்வளவுதான்.

நான்காவது வகையைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. முனைவர் பட்ட மாணவர் தன் ஆய்வேட்டைச் சபை முன் விளக்கும் உரை, இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் எல்லோரும் வந்து கேட்கலாம் என்றே அறிவிக்கிறார்கள். தேர்வாளருக்கு எதிரில் நிற்கிற மாணவர் எதையும் தாண்டிப் போக முடியாது. கேள்வி எங்கே பிறந்தது, முன்பு யார் என்ன செய்தார்கள், நான் என்ன செய்தேன் என்று முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். பொது உரைக்கு அடுத்தபடி புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான், செமினாரை அல்ல.

2. எந்த இடத்தில் எது கிடைக்கும்

யஷ்வந்த்பூர், மல்லேஸ்வரம் பக்கம் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் புவி அறிவியல் மையம் ஒன்று, வளிமண்டல, கடல் அறிவியல் மையம் ஒன்று. பாறை, நிலநடுக்கம், பழங்காலத் தட்பவெப்பம் எல்லாம் முதலாவதில். பருவமழையும் வங்காள விரிகுடாவும் இரண்டாவதில். புதியவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு தவறான கட்டடத்து வாசலில் நிற்பது வழக்கம்.

கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தையும் நடத்துவது இவர்கள்தான். சூரியன், வால்மீன், பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் பற்றிய உரைகளை இங்கே எதிர்பார்க்கலாம். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தில், கொரோனா என்ற சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் படமெடுக்கும் கருவியைச் செய்ததும் இந்த நிறுவனமே.

சௌடையா சாலையில் இருக்கும் ஜவஹர்லால் நேரு கோளரங்கம் தொடக்கத்துக்கு மிக நல்ல இடம். ஹெசரகட்டா பக்கம் உள்ள கோட்பாட்டு அறிவியல்களுக்கான பன்னாட்டு மையம் நடத்தும் 'காப்பி வித் க்யூரியாசிட்டி' என்ற பொது உரைத் தொடர் இந்தக் கோளரங்கத்திலும் நடக்கிறது. பெயருக்கு ஏற்றபடி சாதாரண மக்களுக்கானது. ஹெசரகட்டா வரைக்கும் பயணம் செய்து அலைய வேண்டாம்.

பசவனகுடி நேஷனல் கல்லூரியில் பெங்களூர் அறிவியல் மன்றம் பல ஆண்டுகளாக உரைகள் நடத்துகிறது. அறிவியலின் எல்லாத் துறையும் வரும், புவி அறிவியல் நடுநடுவே வரும். கவிபுரத்தில் இந்தியப் புவியியல் சங்கம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களில் கல்லையும் சுரங்கத்தையும் கையால் தொட்டு வேலை செய்த மூத்தவர்கள் அதிகம். பேச்சில் பளபளப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் தோண்டிப் பார்த்தவர் பேசுகிற பேச்சு அது.

கோளரங்கத்திலும் பசவனகுடியிலும் கன்னடத்திலும் உரைகள் உண்டு. அறிவிப்பில் மொழி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காது பழகிய கன்னடம் இருந்தால் தைரியமாகப் போகலாம். கலைச்சொல்லில் பாதி வடமொழிதான், நமக்கு ஓரளவு பிடிபடும்.

எந்தக் காலம் என்றால், கல்விப் பருவம் ஓடுகிற ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையும் உரைகள் அதிகம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிப் பொது உரைகள் குவியும். கோடை விடுமுறையில் தேடிப் பார்த்துவிட்டு எதுவுமே நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

3. அறிவிப்பை நான்கு துண்டாக உடையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பலர் தலைப்பை மட்டும் படிக்கிறார்கள். அதன் கீழே இருக்கும் சுருக்கத்தைப் படிப்பதில்லை. பேசுபவர் ஒரு மணி நேரத்தில் சொல்லப்போவதை அந்த ஒரே பத்தியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்த மாதிரி.

உதாரணத்துக்கு நானே ஒரு தலைப்பு எழுதுகிறேன், இப்படித்தான் இருக்கும்: 'மேற்கு தார்வார் கிரேட்டானின் டோனலைட் நைஸ் பாறைகள்: ஜிர்கான் யுரேனியம்-ஈய வயதுகளும் ஹாஃப்னியம் ஐசோடோப்புகளும் தொடக்ககாலக் கண்ட மேலோட்டைப் பற்றிச் சொல்வது என்ன?'

படித்ததும் தலை சுற்றுகிறதா, சரி. எங்கே, எதை, எதைக்கொண்டு, எதற்காக என்று நான்காக வெட்டுங்கள்.

எங்கே: மேற்கு தார்வார் கிரேட்டான். கிரேட்டான் என்றால் கண்டத்தின் மிகப் பழைய, உறுதியான நடுப்பகுதி. ஹாசன், சிக்கமகளூர், சிவமொக்கா எல்லாம் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

எதை: டோனலைட் நைஸ். டோனலைட் கிரானைட்டுக்குப் பங்காளி, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மட்டும் மிகக் குறைவு. வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து வரிவரியாக மாறிய பாறை நைஸ்.

எதைக்கொண்டு: ஜிர்கான் என்ற மணல்துகள் அளவிலான படிகம். யுரேனியம்-ஈயம் வயதைச் சொல்லும். ஹாஃப்னியம், அந்தப் பாறைக் குழம்பு பூமியின் உள்ளிருந்து புதிதாக வந்ததா, இல்லை பழைய மேலோடு மறுபடி உருகி உண்டானதா என்பதைச் சொல்லும்.

எதற்காக: கண்டங்கள் எப்போது, எப்படி உண்டாயின என்று தெரிந்துகொள்ள. உரை முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும்.

நான்கு துண்டில் இரண்டு பிடிபட்டாலே தாராளமாகப் போகலாம். ஒன்றுகூடப் பிடிபடவில்லை, சுருக்கத்தைப் படித்தும் தெளியவில்லை என்றால் அந்த உரையை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வேறொன்று வரும். இப்படி விடுவதற்கு மனம் வராமல் போய் உட்கார்கிறவர்கள்தான் இரண்டாவது முறை வருவதில்லை.

4. ஒரு மணி நேரத் தயாரிப்பு

முந்தின நாள் இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதற்கு மேல் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் வேலை, எண்களைக் கோடிக்கு மாற்றிப் பழகுவது. உரைகளில் மில்லியன் ஆண்டு, பில்லியன் ஆண்டு என்றே வரும். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. படங்களில் மில்லியன் ஆண்டுக்கு எம்ஏ என்றும் பில்லியன் ஆண்டுக்கு ஜிஏ என்றும் சுருக்கிப் போடுவார்கள் (எம்ஏ பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 66 எம்ஏ என்றால் 6.6 கோடி ஆண்டு, 2.5 ஜிஏ என்றால் 250 கோடி. இதை உடனே மாற்றத் தெரியாதவர்கள், பேசுபவர் அடுத்த படத்துக்குப் போன பிறகும் மனதுக்குள் சுழியம் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கூடவே நான்கைந்து நங்கூரங்களை மனதில் போட்டு வையுங்கள். பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் ஜிர்கான்களில் மிகப் பழையவை சுமார் 440 கோடி. ராமநகர மலைகளாக நிற்கும் குளோஸ்பேட் கிரானைட் சுமார் 250 கோடி. தக்காண எரிமலைக் குழம்பு பரவியதும் டைனோசார்கள் அழிந்ததும் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுக்கு முன். உரையில் எந்த வயது வந்தாலும் இவற்றில் ஒன்றுக்கு முன்னாலா பின்னாலா என்று வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது வேலை, அறிவிப்பில் கண்ட கருவியைப் பற்றி மட்டும் படிப்பது. விடை என்ன என்பதைப் பேசுபவரே சொல்லிவிடுவார். அந்த விடைக்கு எப்படி வந்தார் என்பது கருவியைத் தெரிந்தால்தான் விளங்கும்.

ஜிர்கானையே எடுத்துக்கொள்வோம். உருகிய குழம்பிலிருந்து படிகமாகும்போது அது யுரேனியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏற்றுக்கொள்ளாது. எனவே இன்று அதற்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் சிதைந்து பிறந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நடுவில் அந்தத் துகளுக்கு ஏதோ நடந்திருக்கிறது, ஈயம் கசிந்திருக்கலாம். இவ்வளவு தெரிந்தால் பாறை வயது பற்றிய எந்த உரையிலும் முக்கால்வாசி தூரம் கூடவே நடந்து போகலாம்.

நிலா பற்றிய உரை என்றால் அனார்த்தசைட் என்ற பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் அந்தப் பாறைதான். ஆதியில் நிலாவை மூடியிருந்த குழம்புக் கடலில் எடை குறைந்த படிகங்கள் மேலே மிதந்து உறைந்ததால் உண்டானது என்பது இன்றைய விளக்கம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் அதே வகைப் பாறை உண்டு. சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ நிலா மண் போன்ற தூளைத் தயாரித்தபோது அந்தக் கல்லைத்தான் அரைத்தது. நாமக்கல், சேலம் பக்கத்து ஆட்களோடு போனால் இதை வழியிலேயே சொல்லுங்கள், அரங்கில் தூங்க மாட்டார்கள்.

மூன்றாவது வேலை விருப்பம் இருந்தால் மட்டும். பழைய பாறை பற்றிய உரைக்குப் போவதற்கு முன் லால்பாக் பாறையில் ஏறி நின்று பாருங்கள். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தீபகற்ப நைஸின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. நடைப்பயிற்சிக்காரர்கள் மிதித்து வழவழப்பான இடத்தை விட்டு ஓரமாகப் போய்க் குனிந்து பார்த்தால் வெளிர் வரியும் கரு வரியும் மாறிமாறி ஓடுவது தெரியும். வெளிர் வரி குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கரு வரியில் கருமைக்காவும் ஆம்ஃபிபோல் என்ற கருநிறக் கனிமமும். சில இடங்களில் வரிகள் மடிந்து வளைந்திருக்கும். கல் ஒரு காலத்தில் குழைந்து கிடந்தது என்று உரையில் சொல்லும்போது அந்த மடிப்பு நினைவுக்கு வரும்.

5. பயணம், வாசல், பதிவு

மெட்ரோவை நம்புங்கள், சாலையை நம்பாதீர்கள். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருப்பவர்கள் மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோடு வந்து பச்சைத் தடத்துக்கு மாறினால், அதே ரயில் லால்பாக், நேஷனல் கல்லூரி, மெஜஸ்டிக் வழியாக சாண்டல் சோப் ஃபேக்டரி வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து அறிவியல் கழகத்துக்கு ஆட்டோ. அல்சூர்க்காரர்கள் ஊதாத் தடத்தில் ஏறி மெஜஸ்டிக்கில் மாற வேண்டும். கோரமங்களாவுக்கு மட்டும் பஸ்ஸோ ஆட்டோவோதான், நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவியல் கழக வளாகம் ஏறக்குறைய 400 ஏக்கர். வாசலை அடைவதும் அரங்கை அடைவதும் ஒன்றல்ல. உரை 4 மணிக்கு என்றால் 3.30க்கு வாசலில் இருங்கள்.

காவலரிடம் "ஒரு லெக்சர் இருக்கு" என்று மட்டும் சொன்னால் எந்தத் துறை, எந்த அரங்கு என்று திருப்பிக் கேட்பார். அங்கே நாளொன்றுக்குப் பல உரைகள் நடக்கின்றன. அறிவிப்பைப் போனில் படமாகச் சேமித்துக் காட்டினால் வேலை முடிந்தது. வாசலில் நின்று இணையத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். புகைப்பட அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கட்டும்.

அரங்கின் பெயரையும் முழுதாகப் படியுங்கள். செமினார் ஹால் என்பது ஒவ்வொரு துறையிலும் ஒன்று உண்டு. ஃபேகல்டி ஹால் என்று இருந்தால் அது கோபுரத்தோடு நிற்கும் பிரதானக் கட்டடத்துக்குள் இருப்பது.

முன்பதிவு வேண்டுமா என்பதை இரண்டு நாள் முன்னதாகவே பாருங்கள். சிலவற்றுக்கு நேரே போகலாம், சிலவற்றுக்குப் படிவம் நிரப்ப வேண்டும், சில உரைகள் இணையத்தில் மட்டும் நடக்கும். கடைசி வகையை நேரில் நடப்பதாக நினைத்துப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

6. எங்கே உட்காருவது, எதைக் குறித்துக்கொள்வது

கடைசி வரிசைக்குப் போகாதீர்கள். பாதியில் எழுந்து போக வசதி என்று நினைத்துத்தான் புதியவர்கள் அங்கே உட்காருகிறார்கள், கடைசியில் அதையே செய்தும் விடுகிறார்கள். அதோடு, திரையில் வரும் வரைபடங்களின் அச்சுகளில் எழுதியிருப்பது அங்கிருந்து தெரியாது. நடுவரிசை சரியாக இருக்கும். முதல் இரண்டு வரிசையைப் பேராசிரியர்களுக்கு விட்டுவிடுவது மரியாதை.

பொதுவாக முக்கால் மணி நேரம் பேச்சு, அதன்பின் கேள்வி. அந்த முக்கால் மணி நேரத்தின் நடுப்பகுதி முறைகளைப் பற்றியது, அங்கேதான் மூச்சு முட்டும். முதல் பத்து நிமிடமும் கடைசி பத்து நிமிடமும் எல்லோருக்குமானவை. நடுவில் தொலைந்துபோனால் பதற வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பேராசிரியர்களிலும் சிலர் தொலைந்துதான் போயிருப்பார்கள். 'முடிவுகள்' என்ற ஸ்லைடு வரும்போது மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

நோட்டுப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் பேசுபவர் சொன்ன செய்தி, வலப்பக்கம் அது அவருக்கு எப்படித் தெரியும் என்பது. வலப்பக்கம் காலியாக இருக்கும் இடம்தான் உங்கள் கேள்வி பிறக்கும் இடம்.

ஸ்லைடுகளைப் படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் இன்னும் வெளியிடாத முடிவுகள் இருக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

7. படங்களில் ஏமாறாமல் இருக்க

பேச்சு புரியாவிட்டாலும் படம் புரிந்தால் உரை கைக்குள் வந்துவிடும். படத்தைப் பார்த்ததும் கண் வளைகோட்டுக்குப் போகும். அதை இழுத்துப் பிடித்து முதலில் அச்சுகளைப் படியுங்கள். புதியவர்கள் சறுக்கும் இடங்கள் எனக்குத் தெரிந்து இவை.

கடல் படங்களில் ஆழம் கீழ்நோக்கிக் கூடும். வளிமண்டலப் படங்களில் செங்குத்து அச்சு பெரும்பாலும் அழுத்தம், மேலே போகப்போக எண் குறையும். வயது அச்சில் இன்று என்பது வலப்பக்கமும் இருக்கலாம், இடப்பக்கமும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் விட்டால் கூடுவது குறைவதாகத் தெரியும்.

தட்பவெப்ப வரைபடத்தில் சிவப்பு என்றால் சூடான இடம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். பல வரைபடங்கள் காட்டுவது வெப்பநிலையை அல்ல, வழக்கமான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. துருவப் பகுதி சிவப்பாக இருக்கும், அங்கே பனி உறைந்துதான் கிடக்கும். நிறப்பட்டையின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நிலநடுக்க அளவு படிக்கட்டு மாதிரி சமமாக ஏறுவதில்லை. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு எண் கூடினால் சுமார் 1,000 மடங்கு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா நிலநடுக்கம் 9.1. அதையும் 7.1 அளவு நடுக்கம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியாக வைத்துக் காட்டும்போது, இடைவெளி சின்னதாகத் தெரிகிறதே என்று அசந்துவிடக் கூடாது.

செவ்வாய், நிலாப் படங்களின் பளிச்சென்ற நீலமும் பச்சையும் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் அல்ல. கனிமங்களைப் பிரித்துக் காட்டப் போட்டவை. மலையின் குறுக்குவெட்டுப் படங்களில் உயரத்தைப் பல மடங்கு இழுத்து வரைந்திருப்பார்கள். அதை ஒரு மூலையில் எழுதியும் இருப்பார்கள்.

புள்ளியின் மேலும் கீழும் நீளும் சின்னக் கோடு, அந்த அளவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைக் காட்டுவது. இரண்டு புள்ளிகளின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், ஒன்று மற்றதைவிடப் பெரியது என்று அடித்துச் சொல்ல முடியாது. பேசுபவர் அப்படிச் சொன்னால் வலப்பக்கப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. கேள்வி கேட்பது

முதல் இரண்டு மூன்று உரைகளில் கேட்க வேண்டாம், மற்றவர்கள் கேட்பதைக் கேளுங்கள். அதற்கப்புறம் கட்டாயம் கேளுங்கள். கேள்வியை எழுதி, ஒரே வாக்கியமாகச் சுருக்கி, அதையே படித்துவிடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுவோமோ என்ற பயத்துக்கும் அதுதான் மருந்து. யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

நல்ல கேள்விக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். சந்திரயான்-3 உரை என்று வைத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய கலத்திலிருந்து வந்த பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தூரம் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் வேதியமைப்பை அளந்தது. அளவுகள் அனார்த்தசைட் வகைக்குப் பொருந்தின, குழம்புக் கடல் கருத்துக்கு வலு சேர்ந்தது. இப்போது கேள்வி: "103 மீட்டருக்குள் எடுத்த அளவுகளை வைத்து நிலாவின் தென்பகுதி மேட்டுநிலம் முழுவதற்கும் எவ்வளவு தூரம் சொல்லலாம்?" இதற்குப் பதில் சொல்ல, நிலாவின் வேறு இடங்களிலிருந்து அப்பல்லோ-16, லூனா-20 பயணங்கள் கொண்டுவந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பேச வேண்டியிருக்கும். உரையில் விட்டுப்போன ஒரு பகுதி உங்களால் வெளியே வரும்.

எந்த உரையிலும் எடுபடுகிற இன்னும் சில: எத்தனை மாதிரிகள், அவற்றில் எதை விலக்கினீர்கள், ஏன்? இதே தரவுக்கு வேறு விளக்கம் உண்டா? என்ன கிடைத்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?

எடுபடாதவையும் உண்டு. "அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள். நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் முறை உலகத்தில் எங்கும் இல்லை, பேசுபவர் இதை ஒவ்வொரு ஊரிலும் கேட்டுச் சலித்திருப்பார். "இந்தப் பிளவில் அழுத்தம் சேர்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் அவருக்கே உற்சாகம் வரும். மைக் கிடைத்ததும் தன் சொந்தக் கொள்கையை விளக்க ஆரம்பிக்கும் பெரியவர் ஒருவர் எல்லா அரங்கிலும் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கும் மைக் வராது.

9. டீ மேசை

உரைக்கு முன்போ பின்போ டீயும் பிஸ்கட்டும் இருக்கும். கூச்சப்பட்டு வெளியே நழுவ வேண்டாம், அது எல்லோருக்கும்தான். பேச்சாளரைச் சுற்றிப் பெரியவர்கள் நிற்பார்கள், அங்கே முண்டியடித்துப் பயனில்லை. ஓரமாக நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களிடம் போங்கள். புரியாத ஒரு ஸ்லைடைச் சொல்லிக் கேட்டால் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். தமிழ் மாணவர்கள் எப்படியும் ஒருவராவது இருப்பார், 'எந்த ஊர்' என்ற கேள்வியில் பேச்சு தொடங்கிவிடும். அடுத்து எந்த உரை கேட்கத் தகுந்தது என்ற தகவல் அட்டவணையில் கிடைப்பதைவிட இங்கே நன்றாகக் கிடைக்கும்.

10. பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால்

கோளரங்க உரைகளும் அறிவியல் கழகத்தின் திறந்த நாளும் போதும். திறந்த நாளில் ஆய்வகங்களுக்குள்ளேயே போகலாம், கூட்டம் அலைமோதும், காலையிலேயே போய்விடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கொலோக்கியத்துக்குக் கூட்டிப்போனால் அவர்களுக்கும் தண்டனை, அரங்குக்கும் தண்டனை.

11. திரும்பி வந்த பிறகு

அன்று இரவே தமிழில் ஐந்தாறு வரி எழுதுங்கள்: கேள்வி என்ன, எதைக்கொண்டு அளந்தார், என்ன முடிவு, எனக்கு எங்கே விட்டுப்போனது. மறுநாள் எழுதலாம் என்று தள்ளினால் முடிவு மட்டும் நினைவிருக்கும், வழி மறந்துபோகும்.

பல உரைகளின் பதிவு யூடியூபில் வரும். முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டாம். உங்கள் நோட்டில் விட்டுப்போன அந்த நடுப்பகுதியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பிறகும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தால் பேச்சாளருக்கு மின்னஞ்சல் எழுதலாம், பலர் பதில் போடுவார்கள். எந்த நாள், எந்த அரங்கில் கேட்டீர்கள், எந்தப் படத்தைப் பற்றிய சந்தேகம் என்று மூன்று நான்கு வரிக்குள் எழுதுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். உரையின் அடிப்படையான ஆய்வுக் கட்டுரை எது என்றும் கடைசி வரியில் கேட்டுவிடுங்கள். கட்டுரை வந்ததும் முன்னுரையையும் படங்களையும் அவற்றின் கீழ்க்குறிப்புகளையும் மட்டும் முதலில் படியுங்கள். அரங்கில் பார்த்த படங்கள் பாதி அதிலேயே இருக்கும்.